கண்ணாடியைக் கழற்றி வைத்துப் பார்த்த எடை

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நலம், நான் நலத்துக்கும் மேலே கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறேன், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நீ சொல்லாமலே நம்பிக்கொள்கிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம்தான் மற்றது எழுத வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை மெஷினில் ஏறும்போது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவேன். கண்ணாடி என்னம்மா கனம் இருக்கும் என்று கேட்பாய், அடியே, வளையல், கடிகாரம், கொண்டை ஊசி எல்லாம் கழற்றியாயிற்று, மார்பில் ஒரு பக்கத்தை ஆஸ்பத்திரியிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள், இனி நானாகக் கழற்ற மூக்கின் மேலே இருப்பதுதான் பாக்கி. கழற்றிவிட்டால் எனக்கு என் கால் விரலே தெரியாது, மெஷினில் எண் எங்கே தெரியப் போகிறது, அதனால் உன் அப்பா முட்டி போட்டுக் குனிந்து படித்துச் சொல்வார், நான் அதை அப்படியே போனில் உனக்கு அனுப்புவேன், நீ கை தட்டுகிற பொம்மையைத் திருப்பி அனுப்புவாய். இப்படித்தான் இத்தனை மாதம் நடந்தது, வினையும் இதில்தான் வந்தது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ அழுவாய், நான் சிரிப்பேன், இரண்டும் ஒரே நேரத்தில் ஒயரில் போகாது. நான் நாலாவதோடு நின்றவள், எங்கே புள்ளி வைப்பது என்று தெரியாது, உனக்கு மூச்சு வாங்குகிற இடத்தில் நிறுத்திப் படித்துக்கொள்.

நீதானே சொன்னாய், அம்மா வாரத்துக்கு ஒரு தடவை எடை பார்த்து எனக்கு அனுப்பு, அப்போதான் குறையும் என்று. டாக்டரம்மாவும் சொன்னதுதான், இந்த நோய் வந்த உடம்புக்குச் சதை கூடிக்கொண்டே போவது நல்லதில்லை, கொஞ்சம் இறக்குங்கள் என்று. மருந்து ஏற்றின நாளில் நான் ஊதினால் பறக்கிற மாதிரி இருந்தேன், அப்போது எல்லோரும் தின்னு தின்னு என்று உயிரை எடுத்தார்கள், இப்போது அதே ஆட்கள் தட்டைப் பிடுங்குகிறார்கள். ஹார்மோனை அடக்குகிற மாத்திரை ஆரம்பித்ததில் இருந்து தண்ணீர் குடித்தாலும் சதை போடுகிறது. திடீரென்று நெஞ்சில் இருந்து நெருப்பு ஏறுகிறது, ஜன்னலைத் திறக்கிறேன், உடனே குளிர்கிறது, மூடுகிறேன். இந்தக் கடிதம் எழுதும்போதே மூன்று தடவை எழுந்துவிட்டேன். சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷின் பக்கத்தில் நிற்கிறவளுக்கு உள்ளேயும் ஒரு இஸ்திரி மெஷின் என்றால் எப்படி இருக்கும் பார். என்னோடு படுக்கை விரிப்பு மடிக்கிறாளே ஒல்லிக்குச்சி, ஆபரேஷன் பண்ணின பக்கத்துக் கை மேலே ஏறாது என்று அவள்தான் மேல் நுனியைப் பிடிப்பாள், அவள் கை நிறைய பிஸ்கட் தின்பாள், எலும்பில் ஒட்டாது. நானோ சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாயைக் கட்டினேன், வயிற்றைக் கட்டினேன், முட்டி வலிக்க வலிக்க வேலை முடிந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன், ஒரு மாதம் கழித்து ஏறினால் உன் அப்பா எண்பது என்றார். ஆரம்பித்ததே எழுபத்தொன்பதில். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் இந்த மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிடுகிறேன், நோய் வந்தால் ஒல்லியாகவாவது போவேன் என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அன்று முழுக்க நான் யாரையும் கிண்டல் பண்ணவில்லையாம், உன் அப்பா பின்னால் சொன்னார், அதுதான் அவரைப் பயமுறுத்தியதாம்.

அடுத்த ஞாயிறில் இருந்து எடை இறங்க ஆரம்பித்தது. எழுபத்தொன்பது, அப்புறம் அரை கிலோ, அப்புறம் இன்னும் அரை, மறுபடியும் ஒரு அரை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உனக்கு அனுப்பினேன், நீ பொம்மையோடு பலூனும் சேர்த்து அனுப்பினாய். சந்தோஷத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது, நடையை விட்டேன், ஒல்லிக்குச்சியிடம் பங்கு கேட்டு பிஸ்கட் தின்றேன், அந்த வாரமும் அரை கிலோ குறைவு என்றார் உன் அப்பா. அங்கேதான் எனக்கு முதலில் உறுத்தியது. பட்டினி கிடந்தபோது குறையாதது தின்றால் எப்படிக் குறையும். போதாததுக்கு வேலைக்குக் கொடுத்த நீலச் சட்டையின் நடுப் பொத்தான் போட முடியவில்லை. ஆள் இளைக்கிறாள், வயிறு மட்டும் வளர்கிறது என்றால் உள்ளே என்ன வளர்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது, வந்தது போகவில்லை. நான் இளைத்துவிட்டேன் என்று ஒல்லிக்குச்சியிடம் பெருமை அடிக்கப் போனேன், அவள் வெள்ளை மனசுக்காரி, நான் சொன்னதை நம்பிக்கொண்டு, பார்த்துக்கோங்கக்கா, எங்க பக்கத்து வீட்டம்மா இப்படித்தான் சும்மா இருக்கும்போதே இளைச்சாங்க, அப்புறம் பார்த்தா மறுபடியும் வந்திருந்துச்சு என்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னால் நீ லீவு போட்டுவிட்டு ஓடி வருவாய், அவரிடம் சொன்னால் அவர் சாப்பிடமாட்டார். ஆனால் உட்கார முடியவில்லை, குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றினேன். அலமாரியை எல்லாம் இறக்கி அடுக்கினேன், உன் பள்ளிக்கூடத்துச் சட்டைகளைத் துவைத்து வைத்தேன், குளிர்காலப் போர்வை எங்கே இருக்கிறது என்று உன் அப்பாவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவருக்கு முட்டை அவிக்கக் கற்றுக்கொடுத்தேன், துணி மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று சொல்லிக்கொடுத்தேன், வெள்ளையையும் கலரையும் சேர்த்துப் போடாதீங்க, நான் இல்லாத நேரத்துல ரோஸ் கலர் பனியனோட வேலைக்குப் போவீங்க என்றேன். அவர் சிரித்தார். அவர் என்ன நினைத்தார் தெரியுமா, எடை குறைந்த சந்தோஷத்தில் இவள் பம்பரமாகச் சுற்றுகிறாள் என்று நினைத்து, இந்தச் சுறுசுறுப்பு கெடக்கூடாது என்று அடுத்த வாரம் ஒரு முழு கிலோவைக் குறைத்துவிட்டார். எழுபத்தாறு என்றார். அதைக் கேட்டதும் நான் மெஷினில் இருந்து இறங்கவே இல்லை, என்ன யோசிக்கிறே என்றார், ஒண்ணும் இல்லை, காத்துல பறந்திடுவேனோன்னு பயமா இருக்கு என்றேன். அந்த எழுபத்தாறைத்தான் உனக்கு அனுப்பினேன், நீ என் பழைய ஒல்லிப் படத்தைத் தேடி எடுத்துப் போட்டாய். அந்தப் படத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, அது தெரியாமல் நீ என்னை மூன்று நாள் பாராட்டினாய்.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் வழக்கமான பரிசோதனை. பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை இடம் மாறி உட்கார்ந்தேன், முட்டி வலி என்று சொன்னேன். அங்கே நர்ஸம்மா செருப்பைக் கழற்றுங்க என்றாள், கண்ணாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அது மூக்கிலேயே இருந்தது. ஏறினேன். எண்பது. இறங்கி மறுபடி ஏறினேன், எண்பதுதான். உங்க மெஷின் கெட்டுப்போச்சு என்றேன், எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். உள்ளே டாக்டரம்மா எப்படி இருக்கீங்க என்று கேட்டதும், எப்படிச் சொல்வது என்று இத்தனை நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் போய், வீட்டுல எழுபத்தாறு காட்டுதும்மா, தின்னாலும் குறையுது, வயிறு மட்டும் வளருது, மறுபடியும் வந்துடுச்சுன்னு நினைக்கிறேன், இவருக்கு முட்டை அவிக்கத் தெரியும் என்று வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன். உன் அப்பா திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். சுவரில் ஒட்டியிருந்த கண் பரிசோதனைப் படத்தைப் பார்த்துக்கொண்டே, டாக்டரம்மா, வீட்டு மெஷின் சரியாத்தான் இருக்கு, படிச்ச ஆள்தான் சரியில்லை, நான் குறைச்சுச் சொன்னேன் என்றார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். எண்பது கிலோ என்று உறுதியானதும் அழுத பொம்பளை அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை, வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்துக் கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் நன்றாக அழுத்திப் பார்த்தார்கள், கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை, வயிற்றில் இருப்பது பிஸ்கட் என்றார்கள். அவர்களுக்கும் கிண்டல் வருகிறது, எனக்குப் பிடித்துப்போயிற்று. ரத்தம் எடுத்திருக்கிறார்கள், பதில் அடுத்த வாரம் வரும், அது வழக்கமானதுதான், நீ அதை நினைத்துக்கொண்டிருக்காதே, அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எடைக்கு மாத்திரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாதாம், மாதவிலக்கு நின்றது, வயசு, மருந்து ஏற்றின காலத்தில் படுத்தே கிடந்தது, எல்லாம் சேர்ந்து வருவதாம், மெதுவாகத்தான் இறங்குமாம், இறங்காவிட்டாலும் நடையை விடக்கூடாதாம். மூட்டு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்காமல் அவர்களிடம் சொல்லவேண்டுமாம், தேவைப்பட்டால் வேறு மாத்திரை பார்க்கலாமாம், ஆனால் நானாக நிறுத்தக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்கள், இரண்டாவது தடவை சொன்னது உன் அப்பாவைப் பார்த்து. தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்கச் சொன்னார்கள், எலும்புக்கு நல்லதாம். நல்ல கையில் நன்றாக வருகிறது, மற்ற கையில் பாட்டில் காதுக்கு மேல் போகமாட்டேன் என்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி வழி வரை நான் பேசவில்லை, அவருக்கு அதுவே தண்டனை. உனக்குத் தெரியும், உன் அப்பா எடை மேடையில் உட்கார்ந்து தலை நரைத்தவர். லாரிக்காரர்கள் அண்ணே, பத்து கிலோ குறைச்சுப் போடுங்கண்ணே என்று காலையில் இருந்து சாயங்காலம் வரை கெஞ்சுவார்கள், வண்டியை ஓரமாக நிறுத்து என்பாரே தவிர ஒரு கிலோ குறைத்தது கிடையாது. அந்த மனுஷன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி என்னை மறைத்திருக்கிறார். ஏங்க, லாரிக்குக் குறைக்காதவர் எனக்கு மட்டும் எதுக்குக் குறைச்சீங்க என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, எந்த லாரியும் மாத்திரையைச் சாக்கடையில கொட்டிடுவேன்னு என்னை மிரட்டலையே என்றார். அது கோபத்தில் சொன்னது கண்ணு, ஒரு நாளும் நான் மாத்திரையை விடவில்லை, இனியும் விடமாட்டேன், இதை அவரிடமும் சொன்னேன், அவர் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது, வெறும் வண்டி எவ்வளவு, சரக்கு எவ்வளவுன்னு பிரிச்சாவது சொல்லியிருக்கலாம் நீங்க என்றேன். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஆகவே உனக்கு நான் அனுப்பின எண்ணை எல்லாம் அழித்துவிடு. இனி எண் கேட்காதே, பலூனும் வேண்டாம், இன்றைக்கு நடந்தாயா என்று மட்டும் கேள், நடக்காவிட்டால் திட்டு. அப்பாவைத் திட்டாதே, அந்த வேலையில் எனக்குப் பங்காளி வேண்டாம். வேறு செய்தி என்றால், சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, உன் சித்தி மகனுக்கு வேலை கிடைத்து இப்போது யாரோடும் பேசுவதில்லை, அப்பா தினமும் முட்டை அவிக்கிறார், வேண்டாம் என்றாலும் அவிக்கிறார். எனக்கு இன்னும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை, போன் மணி அடித்தால் ஆஸ்பத்திரியோ என்று எழுந்து ஓடுகிறேன், அதையும் நடையில் சேர்த்துக்கொள்கிறேன்.

நீ நோய் நொடி இல்லாமல், பெற்ற எங்களைவிட நீண்ட ஆயுளோடு, உன் மனசுக்குப் பிடித்த வேலையும் துணையுமாக நிறைந்து இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எண்பது கிலோவும் உனக்குத்தான். ஒன்றை மட்டும் மறக்காதே, எனக்கு வந்ததைச் சொல்லி, எந்த வயசில் இருந்து பரிசோதனை பண்ணணும் என்று அங்கே உன் டாக்டரைக் கேள். சிரித்து மழுப்பாதே, மழுப்புகிற வித்தை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

உன்னை நினைத்து நடந்துகொண்டே இருக்கும்
அம்மா

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று ஞாயிறு. இனி என் எடையை நானே படிப்பேன் என்று சொல்லிக் கண்ணாடி போட்டுக்கொண்டே ஏறினேன். வயிறு மறைத்ததால் எண் தெரியவில்லை. குனிந்தேன். கண்ணாடி கீழே விழுந்தது. அதை எடுக்க இறங்கினேன், இறங்கின இடத்தில்தான் அது இருந்தது. புதுக் கண்ணாடிக்குச் சொல்லியிருக்கிறோம், வர ஒரு வாரம் ஆகுமாம். இந்த வரிகள் கோணலாக இருப்பது அதனால்தான். அப்பா வந்து முட்டி போட்டுப் படித்தார். எழுபத்தொன்பதரை என்கிறார்.