கிளர்ச்சித் தலைவிக்கு

காலையில் போனைத் திறந்தால் செம்மண் மைதானம், நீலத் தொப்பிகள். ஆப்பிரிக்காவின் தெற்கே நாம் இரண்டு பேரும் போலீஸிலிருந்து ஐ.நா. அமைதிப்படைப் பயிற்சிக்குப் போனோமே, அந்த மையம்தான். புது அணியின் படத்தைப் பழையவர்கள் குழுவில் போட்டிருக்கிறார்கள். கிளர்ச்சித் தலைவனின் நாற்காலியில் யாரோ ஒரு மீசைக்காரன். வந்த ஆத்திரத்தில் போனை வீசி எறியப் பார்த்தேன்.

அது உன் நாற்காலியடி. சமாதானப் பேச்சு ஒத்திகையில் அந்த வேடம் போட அங்கே வந்திருந்த ஆப்பிரிக்க நாட்டுக்காரர்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. எங்கள் நாட்டைத்தான் கிண்டல் பண்ணுகிறீர்கள் என்று ஆளாளுக்கு முறைத்துக்கொண்டார்கள். தூரத்து ஊர்க்காரி நீ கையைத் தூக்கினாய். பட்டுக்கடையில் பேரம் பேசுகிற அதே அலட்சியத்தோடு, பேச வந்தவர்களையெல்லாம் திணறடித்தாய். ஒருநாள் ஒரு லெப்டினன்டைத் தன்னந்தனியாக உன்னிடம் அனுப்பினார்கள். அவனைத் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டிப்போட்டுவிட்டு டீ குடித்தாய். எல்லாரும் சிரித்தார்கள். உனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பேசப் போகிறவனுக்குப் பின்னால் ஆள் நிற்க வேண்டாமா என்று அத்தனை பேரையும் நிற்கவைத்துத் திட்டினாய். மறுநாள் பயிற்சியாளர் அதையே பாடமாக நடத்தினார்.

ஊர் திரும்பியதும் நம் இன்ஸ்பெக்டரிடமும் அதைச் சொன்னாய். "அது ஆப்பிரிக்காம்மா, இது காஞ்சிபுரம்" என்றார். ஏரி மதகைத் திறப்பதில் இரண்டு ஊர் மோதிக்கொண்ட அன்று, பேசத் தெரிந்தவள் என்று உன்னைத்தான் அனுப்பினார். முன்னால் போங்க, பின்னாலேயே ஆட்களை அனுப்புகிறேன் என்றார். ஏரிக்கரையிலேயே கல்லடி பட்டுச் செத்தாய்.

அஞ்சலிக் கூட்டத்தில் அந்த மனுஷன் பேசியதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. எவ்வளவு தடுத்தும் கேட்காமல் நீயே துணிச்சலாகத் தனியாகப் போனாயாம். கையில் மாலையை வைத்துக்கொண்டு சொல்கிறார், வெட்கம் கெட்ட ஜென்மம். நாளை விசாரணை. அன்று வயர்லெஸ்ஸில் இருந்தவள் நான். உன் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட வேண்டுமாம். பிள்ளைகுட்டிக்காரி, பார்த்து நடந்துக்கச் சொல்லுங்க என்று ஆள் விட்டிருக்கிறார்.

கேட்டதடி. ஒவ்வொரு சொல்லும் கேட்டது, இன்றைக்கும் கேட்கிறது. நாளை அதை அவர் எதிரிலேயே சொல்லப்போகிறேன். "கல்லு வுழுதுடி. பின்னால யார்னா வந்துக்கினு இருக்காங்களா?" என்றாய். பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினார். வந்துக்கினு இருக்காங்க என்று உனக்குச் சொன்னேன். வண்டி ஸ்டேஷன் வாசலை விட்டு நகரவே இல்லை.