நாணலுக்குள் சத்தமில்லை

மார்ச் 3

அன்புள்ள வாலு,

அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பறவைகளோடு உட்கார்ந்து அக்காவை மறந்துவிட்டாயா? இந்தச் சதுப்பில் போன் எடுக்காது. வாரப் படகில் கடிதம்தான்.

காலில் வளையம் மாட்டி ஆராய நான் விரித்த வலையில் இரண்டு வகைக் கதிர்க்குருவியும் விழுகின்றன. நாணல் கதிர்க்குருவிக்கு அலகு நீளம். வயல் கதிர்க்குருவிக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். மற்றபடி நம்மைப் போலத்தான், பார்த்தவர்கள் குழம்பிவிடுவார்கள். வேடிக்கை என்ன தெரியுமா? நாணல்காரி புதரில் இரை தேடுகிறாள். வயல்காரிதான் நாணலுக்குள், தண்ணீரோரம். பெயர் வைத்தவருக்கு என்ன தூக்கக் கலக்கமோ!

வயல்காரிகள் ஏழெட்டுப் பேர் செத்துக் கிடந்தார்கள். பனிப்பெட்டியில் அனுப்பியிருக்கிறேன், பார்.

உன் அக்கா

மார்ச் 11

அன்பு அக்காவுக்கு,

பெட்டி வந்தது. புதரில் இருப்பவை ஒன்றுகூடச் சாகவில்லையா? நன்றாகத் தேடு. நீ எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாய்? ஏன் உன் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது?

உன் தங்கை
வாலு

மார்ச் 18

வாலு,

தேடினேன். நாணல்காரிகள் புதரில் உட்கார்ந்து 'டக் டக்' என்று என்னைத் திட்டுகிறார்கள். நாணலுக்குள் சத்தமே இல்லை. எங்கள் ஆய்வு நிலையத்துப் பம்புக்காரரிடம் சொன்னேன். "குருவிக்கு ஏதோ காய்ச்சல்மா. நாமளும் இந்தத் தண்ணியத்தான குடிக்கிறோம், நல்லாத்தான இருக்கோம்?" என்று சிரித்தார். தம்ளரைப் பிடித்த கை நடுங்கியது.

எனக்கும் விரல்நுனி மரத்துப்போகிறது. விடியற்காலைக் குளிர்தான் காரணம். தண்ணீரை வடிகட்டித்தான் குடிக்கிறேன், தொடைநடுங்கி!

அக்கா

மார்ச் 25

அக்கா,

காய்ச்சல் இல்லை. எல்லாக் குருவியின் ஈரலிலும் பாதரசம். அது வடிகட்டியில் நிற்காது. சதுப்புக்குத் தண்ணீர் வரும் வழியில் மேலே யாரோ கழிவைக் கொட்டுகிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஓடினேன். "அறிக்கை வரட்டும்மா, பாப்போம்" என்கிறார். நீ காத்திருக்காதே. இந்தப் படகிலேயே ஏறு. பம்புக்காரரையும் இழுத்து வா. ஒரு மடக்குக்கூடக் குடிக்காதே. உன்னை நினைத்து நினைத்து எனக்கே தலை சுற்றுகிறது.

வாலு

ஏப்ரல் 1

என் செல்ல வாலு,

நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். பிழைத்துக்கொள்வோம் என்கிறார் டாக்டர். நான் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதுகிறார்.

படகில் வரும்போது கரையோடு ஒரு பெரிய குழாய் கூடவே வந்தது. "இது எங்க போகுது?" என்றேன். "உங்க தங்கச்சி ஊருக்குத்தாம்மா. இந்த வருஷந்தான் நம்ம சதுப்புத் தண்ணிய விட்டாங்க" என்றார் பம்புக்காரர். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

காலையிலிருந்து போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. உங்கள் ஊருக்குக் கிளம்பும் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். குழாயைத் திறக்காதே. அவர் கதவைத் தட்டுவார்.

எழுந்து வந்து திற, கண்ணு.

அக்கா