மஞ்சுநாத் கொடுத்த மெஷின்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மூன்றாவது லேத்துக்கு மேலே கூரை மறுபடியும் ஒழுகல். தார்ப்பாய் கட்டியாயிற்று.

இன்றைக்கு: கரண்ட் பில். கூலன்ட் ஆயில் ஒரு கேன். லேத் ஓட்டுகிற சண்முகத்துக்கு அட்வான்ஸ். மஞ்சுநாத்.

முதல் மூன்றும் முடிந்தன. கடைசி வேலை மட்டும் தினமும் அப்படியே நிற்கிறது.

மஞ்சுநாத் மோசமான பார்ட்டி இல்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான் சொந்தமாக லேத் போட்டபோது முதல் ஆர்டர் கொடுத்தவர் அவர்தான். ஓசூர் ஷெட்டிலிருந்து பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு பம்ப் ஷாஃப்ட் செய்து அனுப்புகிறார். கடைசல் வேலை நம்மிடம். ஆனால் போன தீபாவளிக்குப் பிறகு ஒரு பில்லுக்கும் பணம் இல்லை. அந்த பில்களுக்கான ஜி.எஸ்.டி.யைக்கூட நான் கைக்காசு போட்டுக் கட்டியிருக்கிறேன்.

போன் எடுக்கவில்லை. நேரில் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். மகளுக்கு பிளஸ் ஒன் படிக்க பெங்களூர் பி.யு. காலேஜில் இடம் கிடைத்தது பற்றிப் பேசினார். கிளம்பி எழுந்த பிறகுதான் பணத்தைப் பற்றி வாய் திறந்தேன். அடுத்த வாரம் கண்டிப்பாக என்றார். சரி என்றேன். வரும்போது ஷாஃப்ட் கடைய புதிதாக ஒரு லோடு இரும்பு ராடும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

ஆட்டோவில் இருந்த ராடை ரேணுகா பார்த்தாள். "நீங்க பணம் கேக்கப் போனீங்களா, வேலை கேக்கப் போனீங்களா?"

மனைவி என்றாலும் ஷெட்டில் கணக்கு பார்ப்பவள் அவள்.

ஜூன் 5, வியாழன்

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

கடைந்த ஷாஃப்டைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று போனேன். கேட் திறந்து கிடந்தது. வாட்ச்மேன் இல்லை. உள்ளே மெஷின்கள் நின்ற இடத்திலெல்லாம் வெறும் எண்ணெய்க் கறை. முந்தாநாள் டீ குடித்த அதே ஷெட். ஆபீஸ் ரூமில் மேஜைகூட இல்லை. கரண்ட் இல்லை.

மூலையில் ஒரே ஒரு சி.என்.சி., கம்ப்யூட்டரில் தானாகக் கடைகிற மெஷின். அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் மஞ்சுநாத். முகச்சவரம் செய்யவில்லை.

பெங்களூர் கம்பெனி இவர் அனுப்பிய ஒரு லாட் சரக்கை முழுசாக ரிஜெக்ட் செய்துவிட்டதாம். ஆர்டரும் நின்றுவிட்டதாம். மற்ற மெஷின்களை நேற்று ஒரே நாளில் விற்று ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பினாராம். அப்படியென்றால் முந்தாநாள் எனக்கு எதற்கு ராடு ஏற்றினார்? கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவரே பேச்செடுத்தார். "அண்ணா, எங்கிட்ட காசு இல்ல. உங்களச் சும்மா அலைய வெக்க மனசு வரல. இந்த மெஷின எடுத்துக்கங்க. உங்க கணக்கு சரியாப் போயிடும்."

பழைய மெஷின்தான், பெயின்ட் உதிர்ந்தது. ஆனாலும் சி.என்.சி. யார் ஷெட்டுக்குப் போனாலும் நான் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருகிற மெஷின். பேங்க் லோன் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டேன். போன வருடமே முடிந்துவிட்டது என்றார்.

வீடு வரைக்கும் வண்டி எப்படி ஓட்டினேன்? ஞாபகம் இல்லை.

ஜூன் 7, சனி

வெயில். நல்லவேளை.

கிரேனை மஞ்சுநாத்தே போன் செய்து வரவழைத்திருந்தார். கிரேன்காரர் சின்னப்பா, வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஆள், பாதி தெலுங்கு பாதி தமிழ். மெஷினைத் தூக்கி லாரியில் வைத்தார். லாரி சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தது மஞ்சுநாத். நான் சொல்லி வைக்கவில்லை, அவராகவே வைத்தார். கிரேன் வாடகையும் அவரே.

எழுத்தில் ஏதாவது வாங்கச் சொல்லி ரேணுகா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். எல்லாம் இழந்து நிற்கிற மனிதரிடம் எப்படிப் பேப்பர் கேட்பது? லேசாகச் சொல்லிப் பார்த்தேன். திங்கட்கிழமை பில் போட்டு அனுப்புவதாகச் சொன்னார்.

மாலைக்குள் ஷெட்டில் இறக்கி போல்ட் போட்டாயிற்று. ரேணுகா மஞ்சள் குங்குமம் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி, "பேப்பர்?" என்றாள்.

திங்கட்கிழமை என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

கல்லாவியிலிருந்து அக்கா குடும்பம். ஒரு கூடை மாம்பழம். எல்லோரையும் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் மெஷினைக் காட்டினேன். ஓட விட்டும் காட்டினேன். "இது எத்தன லேத்துக்குச் சமம்டா?" என்று அக்கா கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

மாம்பழம் அதிகம். வயிறு சரியில்லை. ஆனாலும் சந்தோஷம்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கு எழுத்து கோணல்.

நேற்று பில் வரவில்லை. இன்று பதினொரு மணி வாக்கில் ஒரு போலீஸ்காரரும் பேங்க்கிலிருந்து ஒருவரும் வந்தார்கள். பேங்க்காரர் நேராக சி.என்.சி.யிடம் போய் அதன் முதுகுப் பக்கம் இருந்த நம்பர் தகட்டைப் போட்டோ எடுத்தார். லோன் முடியவில்லையாம். ஒரு வருடமாகத் தவணையே கட்டவில்லையாம். மெஷின் பேங்க்குக்குச் சொந்தமானது போலத்தானாம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

போலீஸ்காரர் பையிலிருந்து ஒரு புகார்க் காகிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். தங்கவேல் என்பவர், அதாவது நான், ஆட்களோடு வந்து, ஓனர் இல்லாத நேரத்தில் பூட்டை உடைத்து, பணப் பாக்கிக்காக மெஷினைத் தூக்கிப் போய்விட்டார். கீழே மஞ்சுநாத் கையெழுத்து. எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து, எத்தனையோ டெலிவரி சலானில் பார்த்தது.

நான் சிரித்துவிட்டேன் என்று சண்முகம் பிறகு சொன்னான். எனக்கு அது தெரியாது. தண்ணீர் கேட்டதுதான் ஞாபகம்.

லேத்துகளை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, ஸ்டேஷனுக்குப் போனேன். சாயங்காலம் வரை பெஞ்சில். மஞ்சுநாத்துக்கு போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். எனக்குக் கோபமே வரவில்லை. கையெழுத்தைப் பார்த்த பிறகும், வேறு யாரோ அவர் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக் காலை மறுபடி வரச் சொல்லி அனுப்பினார்கள்.

ரேணுகா சாப்பாடு போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 11, புதன்

காலையில் சின்னப்பாவுக்கு போன் செய்தேன். வருவார் என்ற நம்பிக்கை இல்லை. போலீஸ் விவகாரம், தொழில் செய்கிற வண்டி. எதற்கு வம்பு என்று நினைத்தால் தப்பு சொல்ல முடியாது. எனக்கு முன்னாலேயே ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா கேட்டதற்கு அவர் சொன்னது அவ்வளவுதான்: "அவரே தான் மேடம் போன் பண்ணி வரச் சொன்னாரு. அவரே தான் வாடகை குடுத்தாரு. பூட்டு ஒண்ணும் ஒடைக்கல. கேட்டு தெறந்தே இருந்துச்சு." தன் போனில் வந்த அழைப்பையும் காட்டினார்.

மத்தியானம் மஞ்சுநாத்தைக் கூட்டி வந்தார்கள். என் பக்கம் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டரம்மா ஒரே ஒரு தடவை குரலை உயர்த்தினார். அவ்வளவுதான், பயத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று மஞ்சுநாத் ஒப்புக்கொண்டார். பொய்ப் புகார் என்று எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். என் மேல் கேஸ் இல்லை. மெஷின் பேங்க்குக்கு. என் பாக்கி? "அது சிவில் மேட்டர். கோர்ட்டுக்குப் போங்க."

வெளியே வேப்பமரத்து நிழலில் மஞ்சுநாத் நின்றார். நான் போயிருக்கக் கூடாது. போனேன்.

"ஏன் சார் என் பேரு?"

"மெஷின் எங்கன்னு பேங்க்ல கேட்டாங்க. நானே குடுத்தேன்னு சொன்னா என்னைய உள்ள வெச்சிருவாங்க. யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லணுமில்ல?" கொஞ்சம் நிறுத்தினார். "மத்தவங்க பேரச் சொன்னா அடிக்க வருவாங்க. உங்களுக்குத்தான் அண்ணா கோவம் வராது."

பாராட்டுவது போலச் சொன்னார். என் தோளில் கை வைத்துச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன். ஸ்கூட்டரை ஸ்டேஷன் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 12, வியாழன்

மெஷின் போயிற்று. பேங்க் ஆட்கள் வேறு கிரேன் கொண்டு வந்தார்கள். தரையில் போல்ட் குழிகள், சுற்றிலும் குங்குமம்.

பேங்க்காரர் போகிற போக்கில் சொன்னது: இதே மெஷினை ராடு சப்ளை செய்கிற ஒருவருக்கும் தருவதாகச் சொல்லியிருந்தாராம் மஞ்சுநாத். அந்த ஆள் பேங்க்கில் வந்து விசாரித்ததால்தான் விஷயமே வெளியே வந்ததாம்.

சிறுதொழில்காரர்களின் பாக்கியை வாங்கித் தர அரசாங்கக் கவுன்சில் ஒன்று இருக்கிறது. ரேணுகா அதில் மனு போட்டாள். மாதக்கணக்கில் ஆகுமாம். இதைப் போன வருடமே போட்டிருக்கலாம். பார்ட்டி மனம் நோகும் என்று வேண்டாம் என்றவன் நான்.

தலைவலி. மாத்திரை.

ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம். காற்று.

மத்தியானம் மஞ்சுநாத்திடமிருந்து போன். எடுத்துவிட்டேன். எப்போதும் போல, ஒன்றுமே நடக்காதது போலக் குரல். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி மனைவி பெயரில் புது யூனிட் ஆரம்பித்திருக்கிறாராம். ஓசூர் ஷெட்டிலிருந்து போன மெஷின்களெல்லாம் அங்கேதான் ஓடுகின்றனவாம். அவர் விற்கவே இல்லை! அதை என்னிடம் சொல்வதில் அவருக்குக் கூச்சமும் இல்லை. பெங்களூர் கம்பெனி ஆர்டர் மறுபடி வந்துவிட்டது, ஷாஃப்ட் அவசரமாக வேண்டும்.

என் வாயிலிருந்து வந்தது: "எத்தன பீஸ் சார்?"

நான்தான் கேட்டேன். என் குரல்தான். இரண்டு லேத் வேலை இல்லாமல் நிற்கின்றன, சனிக்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டும், எல்லாம் உண்மை. ஆனாலும்.

திரும்பினால் ரேணுகா. வேப்பமரத்தடியில் அவர் சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் புது யூனிட் சரியாக எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

ரேணுகா காலை பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். அத்திப்பள்ளி வரை போய்வருகிறேன் என்றாள். கையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை. நான் வண்டியில் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள்.

மத்தியானம் போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலை ஓடவில்லை எனக்கு. ஒரு ஷாஃப்டை அளவு தவறிக் கடைந்து வீணாக்கினேன்.

மூன்று மணிக்கு மேல் பேங்க் மெசேஜ். இப்போதெல்லாம் வருகிற ஏமாற்று மெசேஜ் என்று அழிக்கப் போனேன். சண்முகம்தான் பிடுங்கிப் பார்த்தான். மஞ்சுநாத் தர வேண்டியதில் பாதி. கணக்கில் ஏறியிருந்தது. ஏ.டி.எம். போய்ப் பார்த்தும் நம்பிக்கை வரவில்லை.

இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். முகம் கழுவிவிட்டு நிதானமாகச் சொன்னாள். அங்கே வாசல் பக்கம் நாற்காலியில் போய் உட்கார்ந்தாளாம். சத்தம் போடவில்லையாம். வருகிற ஒவ்வொருவரிடமும் நடந்ததை ஒன்றுவிடாமல் கன்னடத்தில் சொன்னாளாம். எல்லைப் பக்கம் பாகலூரில் வளர்ந்தவள், கன்னடம் தண்ணீர் மாதிரி வரும். லோடு ஏற்ற வந்தவரிடம் சொன்னாள். ஆபரேட்டர்களிடம் சொன்னாள். அவர்களில் இரண்டு பேர் ஓசூர் ஷெட்டில் சம்பளம் வாங்காமலே போனவர்களாம். பெங்களூர் கம்பெனியிலிருந்து சரக்கு பார்க்க வந்தவரிடமும் சொன்னாள். மஞ்சுநாத் மூன்று தடவை வந்து கெஞ்சினாராம், அப்புறம் அதட்டினாராம். இவள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம்.

கடைசியில் அவர் மனைவி வந்திருக்கிறார். யூனிட் அவர் பெயரில். ஸ்டேஷன், புகார், ஒன்றும் அவருக்குத் தெரியாதாம். முழுசாகக் கேட்டுவிட்டு உள்ளே போனாராம். கொஞ்ச நேரத்தில் தன் போனிலிருந்து தானே பணம் அனுப்பிவிட்டு வந்து, இவள் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கடைக்காரரிடம் பேரம் பேசக்கூட என்னை முன்னால் தள்ளிவிடுகிறவள் இவள்.

"மீதி?" என்றேன்.

"நாளைக்கும் வரேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்க வேண்டாங்க. நீங்க வந்தா பாவம் பாத்துருவீங்க."