லேபிள் உரித்த பாட்டில்கள்

செல்வபுரம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகன் மனோஜ்குமாருக்கு,

உன் அப்பன் அப்புசாமி வாயால் சொல்ல, மேல்வீட்டு பிரான்சிஸ் கையால் எழுதும் கடிதம். நானும் நந்திதாவும் சௌக்கியம். ஆனைமலைப் பக்கம் நல்ல மழை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுத்தார்களா என்று எழுது. குடியை விடுவதற்காக நீ அந்த இல்லத்தில் சேர்ந்து இன்றோடு முப்பத்தாறு நாள். இந்த ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு உன்னை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே போன் தருவதில்லை, கடிதம் மட்டும் கொடுப்பார்களாம். அதனால்தான் பிரான்சிஸைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். நீ வருவதற்குள் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

நீ போன நாலாம் நாள் நந்திதா வீட்டைச் சுத்தம் செய்தாள். பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒன்பது பாட்டில். மோட்டார் ரூமில் ஆறு. பழைய ஸ்கூட்டர் டிக்கியில் நாலு. மாடிப்படிக்குக் கீழே சிமெண்ட் சாக்குக்குள் எட்டு. எல்லாம் காலி. ஒவ்வொன்றும் எந்த நாள் வந்தது என்று எனக்குத் தெரியும். தோளில் வரி போட்ட சப்பை பாட்டில், நீ லேத் பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்த செவ்வாய்க்கிழமை. உருண்டையாக ஒன்று இருந்ததே, அது உன் மச்சான் வீட்டுக் கெடா விருந்து முடிந்த மறுநாள். குத்திக்காட்டுவதாக நினைக்காதே கண்ணு. எழுதிவைக்கத் தெரியாதவனுக்கு எல்லாம் மண்டையில்தான் கிடக்கும், அழிக்கவும் தெரியாது.

இத்தனையையும் எங்கே போடுவது? குப்பை வண்டியில் கொட்டினால் கண்ணாடிச் சத்தம் ஒளியாது. பழைய சாமான் கடைக்குக் கொண்டுபோனாலும் தெரு முழுக்க நடந்துதான் போக வேண்டும். "என்னால முடியாதுங் மாமா, தெருவே நின்னு எண்ணிப்போடும்" என்று நந்திதா மூட்டையாகக் கட்டி என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். நான் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் அது கிணுகிணு என்றது.

இந்த நிலைமையில் ஒரு நாள் சாயங்காலம், தெருமுனையில் பூ விற்கும் தெய்வாத்தாள் விற்காமல் போன கோழிக்கொண்டை நாலு காம்பை என் கையில் கொடுத்து, மாட்டுக்காவது போடுங்க என்றாள். நம்மிடம் ஏது மாடு? வீட்டுக்கு வந்து செம்பில் வைத்தேன், சாய்ந்தது. டம்ளரில் வைத்தேன், டம்ளரையே கவிழ்த்தது. சரி என்று மூட்டையிலிருந்து ஒரு பாட்டிலை உருவி, வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, புளியும் மணலும் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். அதன் கழுத்து அந்தக் காம்புக்கென்றே செய்த மாதிரி இருந்தது. பூ நெட்டுக்குத்தாக நின்றது. வேலை முடிந்து வந்த நந்திதா பார்த்தாள். மறுநாள் காலையில் நான் எழுவதற்கு முன்னால் தண்ணீர் மாற்றியிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பித்துப் பிடித்துக்கொண்டது. எந்தப் பூ எத்தனை நாள் நிற்கும், எந்த பாட்டிலில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கோழிக்கொண்டை எட்டு நாள் தாங்குகிறது. சம்பங்கிக் காம்பில் அடி மொட்டு முதலில் விரிந்து, நாளுக்கு ஒன்று இரண்டாக மேலே ஏறுகிறது. செண்டுமல்லி நிறம் கொள்ளை அழகு, ஆனால் இரண்டே நாளில் தண்ணீரை நாறடித்துவிடும். தண்ணீருக்குள் ஒரு இலைகூட முங்கக் கூடாது, முங்கினால் அழுகும். எழுபத்து நாலு வயதில் இதெல்லாம் எனக்குப் புதிது. முப்பது வருஷம் மில்லில் பஞ்சு பேல் சுமந்தவன், பூவை இத்தனை நேரம் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

அப்போதுதான் கவனித்தேன், நம் ஊர்க் கடையில் விற்கும் பூவுக்குக் கழுத்தே இல்லை. எடை போட்டு விற்பதால் தலையை மட்டும் கிள்ளிவிடுகிறார்கள். காம்போடு இருப்பது பொக்கே கடையில்தான், அங்கே விலை நமக்கு ஆகாது. காம்போடு மலிவாகக் கிடைக்குமா என்று தெய்வாத்தாளைக் கேட்டேன். "ஏனுங்க, தலைக்கும் இல்ல, சாமிக்கும் இல்ல, பாட்டிலுக்குப் பூவா? பாட்டிலுக்கு என்ன கண்ணாலமுங்களா?" என்று தெருவே கேட்கும்படி சிரித்தாள். சிரித்தாலும், அவளுக்குப் பூ அனுப்புகிற தொண்டாமுத்தூர் கண்ணையாவின் தோட்டத்துக்கு வழி சொன்னாள்.

பஸ் ஏறிப் போனேன். கண்ணையா தலையில் கை வைத்துக்கொண்டார். "காம்போட வெட்டுனா அடுத்த மொட்டும் அதோட போயிருமுங்க, என்ற வயித்துல அடிக்கறீங்களே" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். திரும்பிவிடலாம் என்று பார்த்தால், தோட்டத்தின் அந்தக் கோடியில் செவ்வந்திப் பாத்தி ஒன்று நசுங்கிக் கிடந்தது. மலையிலிருந்து இறங்கின ஆனை குறுக்கே நடந்துபோயிருக்கிறது. செடி ஒடிந்து சாய்ந்தும் நுனியில் பூ வாடாமல் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். "எடுத்துக்கோங்க. வெட்டுனது நானில்லீங்க, ஆனை" என்று சொல்லிவிட்டு அவரே கட்டிக் கொடுத்தார். நான் நீட்டிய ஐம்பது ரூபாயில் இருபதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஒரு கட்டுச் செவ்வந்தி. நம் ஜன்னலில் ஆறு பாட்டில் வைத்தும் மீந்துபோனது. எதிர்வீட்டு டெய்லர் நின்று பார்த்து, ஒன்று நமக்குக் கிடைக்குமா என்று கேட்டார். பூவோடு பாட்டிலையும் கொடுத்தேன். அடுத்த நாள் அவர் பக்கத்து வீடு. அப்புறம் அதற்குப் பக்கத்து வீடு. இப்படிப் பத்தொன்பது பாட்டில் பத்தொன்பது வீட்டு ஜன்னலுக்குப் போயிற்று. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். ஒளித்துவைத்த மூட்டை பட்டப்பகலில், வாசல் வழியாக, கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள்! நந்திதாவே நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளைப் பொள்ளாச்சித் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த உன் மச்சானிடம், "பூவுக்குத் தண்ணி மாத்தோணும்ணா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள்.

போன ஞாயிறு உன்னைப் பார்க்க வந்தாளே, அன்றைக்குத்தான் வினை. அங்கே உங்களுக்குப் புத்தி சொல்லும் சாய்ப்ரியா மேடத்திடம், எங்கள் மாமா செய்தது என்று போனில் படத்தைக் காட்டியிருக்கிறாள். அந்தம்மா பூவைப் பாராட்டிவிட்டு, மெதுவாகக் கேட்டதாம், இது எல்லாம் என்ன பாட்டில் என்று தெரியுமா என்று. காலி பாட்டிலாக இருந்தாலும், உள்ளே பூவே இருந்தாலும், வீட்டுக்குத் திரும்பி வருகிறவனைக் குடிக்கக் கூப்பிட அந்த உருவமே போதும், கொஞ்ச காலத்துக்கு அது எங்கேயும் கண்ணில் படக் கூடாது என்று சொன்னதாம். நந்திதா அங்கே உன்னிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "மாமா, தெரு பூரா வெச்சுப்போட்டமே" என்று உட்கார்ந்துவிட்டாள்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நீ நம் வீட்டுக்கு வர இந்தத் தெருவை விட்டால் வேறு வழி கிடையாது. இரண்டு பக்கமும் ஜன்னல். ஜன்னலுக்கு ஜன்னல் நான் கொடுத்தது.

என் தப்பு என்ன தெரியுமா? எழுத்துத் தெரிந்தவர்கள் எதையும் எழுத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள் என்று நினைத்திருந்தேன். நான்தான் உருவத்தை வைத்துக் காண்கிறவன். லேபிளை உரித்துவிட்டால் மற்றவர்களுக்கு அது வெறும் கண்ணாடி என்று எண்ணிவிட்டேன். மேலே போய் பிரான்சிஸைக் கேட்டேன், உங்களுக்கு அது என்ன பாட்டில் என்று தெரியுமா என்று. "தெரியுமுங்கண்ணா. எல்லாத்துக்கும் தெரியுமுங்க" என்றார். அப்புறம் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்றேன். "பூ நல்லா இருந்துச்சுங்க. எப்படிங்கண்ணா சொல்றது?" என்றார். இதை எழுதும்போது அவர் தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து வேறு பாட்டில் தேடினேன். சாஸ் பாட்டில், நன்னாரி சர்பத் பாட்டில், பன்னீர் பாட்டில், என் இருமல் மருந்து பாட்டில். ஒரு பையில் போட்டுக்கொண்டு, கொடுத்ததைத் திரும்பக் கேட்க வீடு வீடாகப் போனேன். யார் யாருக்கு எது என்று பிரான்சிஸ் பட்டியல் எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன், எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஆனால் சும்மா கேட்டால் எப்படிக் கொடுப்பார்கள்? காரணம் சொல்ல வேண்டியிருந்தது. டெய்லர் வாசலில் நின்று, "என்ற பையன் குடிக்கிறவனுங்க. நிறுத்தறதுக்குப் போயிருக்கான். திரும்பி வாரான். இது அவன் கண்ணுல படக்கூடாதுங்க" என்றேன். அந்த முதல் வரியை ஆறு வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை மனோஜ். உன் அம்மா சாகக் கிடந்தபோதுகூட அவளிடம் இல்லை என்றே சொன்னேன்.

டெய்லர் பூவைச் சர்பத் பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டு பழையதைக் கொடுத்தார். பிறகு, "வந்தா இங்க வரச் சொல்லுங்க, எளைச்சிருப்பான், சட்டைய எல்லாம் புடிச்சுத் தச்சுத் தாரேன்" என்றார். தெய்வாத்தாளும் ஒன்று வாங்கிப்போயிருந்தாள், அவள் விடவில்லை. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று பத்துப் பேர் முன்னால் பிடித்துக்கொண்டாள். காதோடு காரணத்தைச் சொன்னேன். சட்டென்று பாட்டிலை முந்தானையால் மூடி எடுத்து என் பைக்குள் வைத்தாள். இன்னொரு வீட்டில், யார் வீடு என்று பிரான்சிஸிடமும் சொல்ல மாட்டேன், அந்த வீட்டம்மா நான் கொடுத்த ஒன்றைக் கொண்டுவந்தாள். மறுபடி உள்ளே போய் வேறு இரண்டையும் கொண்டுவந்தாள். "இதையும் சேத்து எடுத்துட்டுப் போயிருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்றுக் காலை குப்பை வண்டி வந்தது. நந்திதா சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். நல்ல சத்தம். பால் வாங்கப் போகிறவர்கள் எல்லாம் நின்றார்கள். அவள் திரும்பி வந்து கை கழுவிவிட்டு, இட்லிக்கு மாவு எடுத்து வைத்தாள்.

ஒன்றை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தெருவுக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம் மூன்றாவது வீடு. பூட்டிக்கொண்டு மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார்கள், வர ஒரு மாதம் ஆகுமாம். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே, காய்ந்த செவ்வந்தியோடு அது நிற்கிறது. அதே போல, உக்கடத்திலிருந்து வரும் வழியில் இருக்கிற அந்தக் கடையையும் என்னால் நகர்த்த முடியாது.

எனக்கு ஒரு சந்தேகம், கேலி என்று நினைக்காதே. உள்ளே ஒன்றுமே இல்லாத பாட்டில் ஒரு மனுஷனை எப்படிக் கூப்பிடும்? குரல் மாதிரியா, வாசனை மாதிரியா, பசி மாதிரியா? நான் ஒரு வாய்கூடத் தொட்டதில்லை, அதனால் தெரியாமலே உன்னைத் திட்டியிருக்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று இப்போது ஆசையாக இருக்கிறது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது. பிரான்சிஸ் படித்துக் காட்டுவார், வெட்கப்பட வேண்டாம், அவர் நல்ல மனுஷன். தெருவில் வேறு எதையாவது எடுக்க வேண்டுமென்றால் அதையும் எழுது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

உனக்கு என்ன எழுதட்டும் என்று நந்திதாவைக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, இருட்டுவதற்கு முன்னால் வந்து சேரும் பஸ்ஸில் வரச் சொல்லுங்க என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி பஸ் வந்து நிற்கும் இடத்தில், உக்கடத்தில் நான் நிற்பேன். எனக்கு இப்போதெல்லாம் நடக்க முடிவதில்லை கண்ணு. கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. (பிரான்சிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். நான் சொல்வதை அப்படியே எழுதுங்க என்று சொல்லிவிட்டேன்.) பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் வீட்டு வாசல்படி வரைக்கும் நீதான் என் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். எங்கேயும் விட்டுவிடக் கூடாது. விட்டால் நான் விழுந்துவிடுவேன்.

மாசாணியம்மன் உன் பக்கத்திலேயே இருக்கிறாள். நல்லபடியாக வந்து சேர் சாமி.

உன் வரவை எதிர்பார்த்து,
உன் அப்பன்
அப்புசாமி
(இடது கைப் பெருவிரல் ரேகை)