ஏரிக்கரைக் குடிசை

16 நவம்பர் 1993, செவ்வாய். மோர்னிங்சைட்.

கணவனை விட்டுவிட்டு ஏரிக்கரைக் கொட்டேஜ் ஒன்றில் தனியே வாழப் போகும் பெண்ணின் கதை. இன்று நூலக வாசகர் வட்டத்தில் அந்தப் புதிய கனடிய நாவலைப் பற்றித்தான் பேசினோம். வெள்ளைக்காரப் பெண்மணிகள் நால்வரும் அவளுடைய தனிமையை மெச்சினார்கள். தனிமைக்கு இவ்வளவு கிராக்கி என்று தெரிந்திருந்தால் என்னுடையதில் பாதியைக் கொண்டுபோயிருப்பேன்.

வட்டத்தில் என்னோடு இருக்கும் மற்றத் தமிழர் சிவம் அண்ணை மட்டும், குடிசையில் இருக்கும் ஏழைக்கு மோட்டார்ப் படகு எப்படி வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கொட்டேஜ் என்பது வசதியானவர்களின் கோடைகால வீடு என்று நூலகர் விளக்கினார்.

"அகராதியிலை குடிசை எண்டெல்லோ கிடக்கு," என்று அண்ணை என் காதில் முணுமுணுத்தார். "ரெண்டு நாளா உவளை நினைச்சுக் கவலைப்பட்டனான்."

"நான் குடிசை எண்டு மனிசிக்கே எழுதிப்போட்டன் அண்ணை."

என் மனைவி கமலா மூன்று வருடமாகக் கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்கிறாள். வாசிக்கும் கதைகளை அவளுக்குக் கடிதத்தில் சொல்லிவிடுவேன். இந்தக் கதைக்கு நேற்றுத்தான் பதில் வந்தது. "குடிசையெண்டால் என்ன, புருசன் கூப்பிடு தூரத்திலை இருக்கிறான். விட்டிட்டுப் போறாளே, விசரி."

நூலகர் என் கருத்தைக் கேட்டபோது, வர்ணனை நன்றாக இருக்கிறது என்றேன். கமலாவின் கருத்தைச் சொல்லவில்லை. அதை அவளே வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்து சொல்ல வேண்டும். இன்றைக்கு அதில் என் குளிர் ஜக்கெற்தான் இருந்தது.