வெட்டக் கொடுக்காத பிலிம்

என் வாலுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்கு எப்படி என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். நீ போனில் சொன்னதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. போனில் என்றால் என் குரல் உடையும், நீ சரிம்மா சரிம்மா என்று சமாதானம் சொல்லி வைத்துவிடுவாய், அதனால் இத்தனை நாள் தள்ளிப்போட்டு இப்போது எழுதுகிறேன், எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். நீ சொன்னது என்ன, அத்தை சொல்றது சரிதாம்மா, அந்தப் படமெல்லாம் இப்ப யாருக்கு வேணும், வெட்டித் தூக்கிப் போட்டுடு, அவ்வளவுதானே. என் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மாட்டேன். காரணம் கீழே வருகிறது, பொறுமையாகப் படி, படுத்துக்கொண்டு படிக்காதே, கண்ணுக்குக் கெடுதல்.

அத்தை மகனுக்குப் பெண் பேசி முடித்த விஷயம் உனக்குத் தெரியும், அந்தப் பெண் வீட்டார் அடுத்த மாதம் முதல்முறையாக நம் ஆட்கள் எல்லாரையும் பார்க்க வருகிறார்கள், அன்றைக்குக் குடும்பத்துப் பழைய படங்களைப் பெரிய திரையில் ஓட்ட வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. அந்தக் காலத்தில் கேமரா வைத்திருந்தது உன் அப்பா ஒருவர்தான் என்பதால் நெகட்டிவ், ஸ்லைடு எல்லாம் நம் வீட்டு அலமாரியில்தான் கிடக்கின்றன. கடையில் கொடுத்தால் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான்தான் ஒப்பவில்லை, வெளியே போன பெட்டி போன மாதிரியே திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் இப்போது நம் சாப்பாட்டு மேசை ஆய்வுக்கூடம் ஆகிவிட்டது. படம் வரைகிறவர்கள் காகிதத்துக்கு அடியில் வைக்கிற வெளிச்சப் பலகை ஒன்று வாங்கினோம், அதன்மேல் நெகட்டிவை அட்டைச் சட்டத்துக்குள் செருகிப் படுக்க வைத்து, மேலே ஸ்டாண்டில் கேமராவைத் தலைகுப்புறத் தொங்கவிட்டு, சன்னலுக்குப் போர்வை கட்டி ஒவ்வொரு படமாக எடுக்கிறோம். சாப்பாடு மடியில்தான். முதல் நாள் அப்பா எடுத்ததை எல்லாம் கம்ப்யூட்டரில் நிறம் மாற்றிப் பார்த்தால் எல்லார் முகமும் நீலம் பாரித்துக் கிடக்கிறது, என்ன இது, குடும்பமே விஷம் குடிச்ச மாதிரி இருக்கு என்று அவர் மண்டையைச் சொறிகிறார். நெகட்டிவில் அடியோடு ஓர் ஆரஞ்சுச் சாயம் இருக்கிறது, திருப்பிப் போட்டால் அதுதான் நீலமாகிறது, படமே இல்லாத வெறும் ஓரத்தை ஒரு தடவை எடுத்து அந்தச் சாயத்தை முதலில் கழித்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும் என்றார். கல்லூரியில் மூன்று வருஷம் இயற்பியல் படித்தேன், கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தபோது உங்களுக்கும் சொன்னார்கள், நீங்கள் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றேன். அதற்குப் பிறகு நிறம் என் இலாகா. ஸ்லைடுகள்தான் படுத்துகின்றன, பல வருஷம் கிடந்ததில் எல்லாம் செம்மண் கரைத்த மாதிரி சிவந்துபோயிருக்கின்றன, கடல்கூடச் சிவப்பாக இருக்கிறது, ஒவ்வொன்றாக வழிக்குக் கொண்டுவருகிறேன்.

இந்த வேலையில்தான் உன் முதல் வருஷத்துச் சுருள் வந்தது. மேலுதடு பிளந்து பிறந்தாய், எடை ஏறட்டும் என்று காத்திருந்து எட்டாம் மாதம் தைத்தார்கள், இதெல்லாம் உனக்குத் தெரியும், நான் மறைத்ததில்லை. ஆனால் அந்த முகத்தை நீ பார்த்ததில்லை, ஏனென்றால் அந்தப் படங்கள் காகிதத்துக்கே வரவில்லை. ஸ்டுடியோவில் படம் வாங்கப் போனது அத்தை, இதையெல்லாமா போடணும் என்று ஸ்டுடியோக்காரர் இழுத்திருக்கிறார், வேண்டாம், தெச்சதுக்கு அப்புறம் எடுத்ததை மட்டும் போடுங்க என்று அத்தை சொல்லிவிட்டு வந்துவிட்டார். நம் ஆல்பத்தில் நீ பிறக்கும்போதே எட்டு மாதக் குழந்தை. பிரிண்ட் போடாவிட்டாலும் பிலிமைக் கழுவினால் எல்லாம்தான் வரும், அந்த நெகட்டிவ் பட்டைகள் உறைக்குள் அப்படியே இருந்தன. அப்பா அவற்றை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுக் கூப்பிட்டார். பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது, முகம் உன் முகம்தான், ஆனால் உன் முகம் இல்லை. பிறகுதான் பிடிபட்டது, பிளவு வலது பக்கம் இருந்தது. இது தலைகீழா இருக்கு, இடம் வலமா மாறியிருக்கு என்றேன். அப்பா ஒப்பவில்லை, சரியாத்தான் வச்சேன், உனக்குத்தான் மறந்துபோச்சு என்றார். எனக்கா மறக்கும். எந்தப் பக்கம் பால் ஒழுகும், எந்தப் பக்கத்துக் கடைவாயில் கரண்டியைச் சாய்த்தால் தொண்டைக்குள் இறங்கும் என்று எட்டு மாதம் படித்த பாடம் அது, பட்டத்தைவிட அதை நன்றாகப் படித்தேன். வாதாடிப் பார்த்துவிட்டு நெகட்டிவின் ஓரத்தில் அச்சடித்திருக்கிற எண்களைப் போய்ப் பார்த்தார், திரும்பிக் கிடந்தன. பிலிமின் மங்கலான பக்கம் கேமராவைப் பார்த்தால் படம் கூர்மையாக வரும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு அப்படி வைத்திருக்கிறார், எடுத்த பிறகு இடம் வலமாகத் திருப்ப வேண்டும் என்பதைக் கேட்பதற்குள் எழுந்து போய்விட்டார் போலிருக்கிறது. அட்டைச் சட்டம் ஓரத்தை மறைத்ததால் எண்ணும் கண்ணில் படவில்லை. அதுவரை முடித்த பெட்டிகள் அத்தனையிலும் குடும்பமே இடது கையால் கேக் வெட்டிக்கொண்டிருந்தது, ஒருத்தருக்கும் தெரியவில்லை. உன் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த சண்டை கம்ப்யூட்டரோடு. அதில் தூசி, கீறல் நீக்குவதற்கு ஒரு வசதி இருக்கிறது, ஒரு தட்டு தட்டினால் பிலிமில் ஒட்டின மயிர், கோடு எல்லாம் மாயமாகிவிடும், அப்பாவுக்கு அதில் பரம சந்தோஷம், எல்லாவற்றுக்கும் போட்டு வைத்துவிட்டார். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் எடுத்த படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தால் உன் உதட்டுக்கு மேலே மூக்குவரை ஏறுகிற அந்தக் கோட்டைக் காணோம். வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. பளிச்சுன்னு இருக்கே, இது நல்லதுதானே என்றார் அப்பா. அதுக்குத் தூசி எது, என் பொண்ணு எதுன்னு தெரியல, உங்களுக்குமா தெரியல என்று கேட்டேன். அந்த வசதியை அணைத்துவிட்டேன். இப்போது காற்றடிக்கிற ரப்பர் பந்தும் மெல்லிய தூரிகையும் வைத்துக்கொண்டு பிலிமை முதலில் சுத்தம் செய்து, மிச்சத்தைத் திரையில் புள்ளி புள்ளியாக நானே எடுக்கிறேன். கழுத்து வலிக்கிறது, வலித்துவிட்டுப் போகட்டும்.

இதற்கு நடுவில்தான் அத்தை வந்தார், உன் சுருள் கிடைத்ததை அப்பா அவருக்கு முன்பே போனில் சொல்லியிருந்தார். படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் உன் படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். இது திரையில வரக் கூடாது, பெண் வீட்டுக்காரங்க நாளைக்கு அவங்க பொண்ணு வயித்துல வர்ற பிள்ளைக்கும் இப்படி வருமோன்னு பயப்படுவாங்க என்றார். சரி, அதுகூடப் பேச வேண்டிய விஷயம், பேசலாம். ஆனால் அதோடு விடவில்லை, கம்ப்யூட்டர்ல அழிச்சாப் போதாது, மூலம் இருந்தா என்னிக்காவது யாராவது எடுத்துப் போடுவாங்க, இந்தா, இந்த நாலு துண்டை வெட்டிட்டா முடிஞ்சது, நாளைக்கு உன் பொண்ணுக்கே வரன் பார்க்கணும்ல என்று மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். நான் பட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். விரல் ரேகை பட்டிருக்கும், படட்டும். நீ ஏம்மா இப்படி முரண்டு பிடிக்கிறே, அந்தப் பிள்ளையே வேணாம்னு சொல்லிட்டா, போன் பண்ணிக் கேட்டுட்டேன் என்றார். அவ வாயைத்தான் தெச்சாங்க அண்ணி, என் வாயைத் தெக்கல என்றேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், அப்பா அக்கா அக்கா என்று வாசல்வரை ஓடினார். நீ அத்தையை வெறுக்காதே. உனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தவர் அவர்தான், நான் மயங்கி விழுந்தபோது தாங்கிக்கொண்டதும் அவர்தான். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் நன்றி வேறு, கத்தரிக்கோல் வேறு. மறுநாள் அப்பாவே அவருக்குப் போன் செய்து, மத்த படமெல்லாம் தர்றேன் அக்கா, போட்டுக்கோ, அந்த பிலிமைக் கேக்காதே, என் பொண்டாட்டி தர மாட்டா, நானும் கேக்க மாட்டேன் என்றார். இத்தனை வருஷத்தில் உன் அப்பா தன் அக்காவிடம் கூடாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, சொல்லிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

இப்போது உனக்கும் எனக்கும் உள்ளதைச் சொல்கிறேன். பெரிய திரையில் காட்டுவதா வேண்டாமா என்பதில் நான் வாயைத் திறக்க மாட்டேன், அது உன் முகம், நீ வேண்டாம் என்றால் வேண்டாம், அத்தை வீட்டுக்கு அதில் ஒரு படமும் போகாது, இது என் வாக்கு. ஆனால் அழிப்பது என்பது வேறு, அதற்கு உனக்கே உரிமை இல்லை என்பேன், கோபித்துக்கொள். அந்த எட்டு மாதம் உனக்கு நினைவில் இல்லை, எனக்கு இருக்கிறது, எனக்கு அப்போது இருபத்தொரு வயது, பிள்ளை எப்படி, பிள்ளை எப்படி என்று கேட்டு வந்தவர்கள் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். நான் ஒருநாளும் போர்வையை இழுத்து மூடவில்லை. இப்போது மூடச் சொல்கிறீர்கள், இந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ள என்னால் முடியாது. தனியாக அனுப்புகிற பார்சலில் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன், அதில் எல்லாம் இருக்கிறது, இடம் இடமாகவும் வலம் வலமாகவும். நாலு மாதத்தில் எடுத்த ஒரு படம் இருக்கிறது, அப்பா ஏதோ சேட்டை செய்திருக்கிறார் போல, நீ சிரிக்கிறாய். உதடு இரண்டாகப் பிரிந்து ஈறு முழுக்கத் தெரிய, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிரிக்கிறாய். இப்போது வீடியோவில் பேசும்போது நீ சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது, நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படிச் சிரிக்க உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கையை வாய்க்குக் கொண்டுபோகத்தான் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரிந்தால் அவர்களோடும் ஒரு சண்டை பாக்கி.

குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஈரத் தலையோடு படுக்காதே, படிப்பு படிப்பு என்று சாப்பாட்டைக் கோட்டை விடாதே, தனியாக இருக்கிற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள். நோய்நொடி இல்லாமல், நிமிர்ந்த தலையும் நிறைந்த வாயுமாக நீ நூறாண்டு இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும் இதிலேயே அடக்கம். மறக்காமல் பார்சல் வந்ததும் ஒரு வரி எழுது. படங்களை இன்றைக்கே பார்க்க வேண்டாம், தோன்றுகிற நாளில் பார். பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் நீ அங்கே அழித்துக்கொள், நான் தடுக்கப்போவதில்லை. பிலிம் இங்கே என்னிடம் இருக்கிறது.

விட்டுக்கொடுக்காத உன்
அம்மா