கத்தரித்தெடுத்த அம்மாக்கள்

போட்டாதாங், ரங்கூன்
10.11.2022

என் தங்க மகள் பூர்ணாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று காளியம்மன் கோயிலில் சொல்லிவிட்டு வந்தேன். கரண்டு எப்போது வரும் என்று தெரியவில்லை. போன் பாதி நாள் செத்துக் கிடக்கிறது. அதனால்தான் கடிதம்.

நீ கேட்ட ஆல்பத்தை உன்னூரில் வேலை பார்க்கும் நம் தெருச் சுரேந்திரனிடம் கொடுத்தனுப்புகிறேன். பத்திரம். நான் வேலை பார்க்கும் கிடங்கில் ஜப்பான் பழைய சாமான் பெட்டி பிரிக்கும்போது, பீங்கானைச் சுற்றி வரும் பத்திரிகைத் தாளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து நீவி, சோற்றுப் பசையால் ஒட்டியது. எல்லாம் மணப்பெண்கள். நடுநடுவே ரயில் டிக்கெட், மருந்துக்கடை ரசீது, மிட்டாய் உறை. நீ ஜப்பான் எழுத்தைக் கற்றதே அந்த மிட்டாய் உறைகளில்தான். படத்தில் கறுப்பு உடுத்தி நின்ற பெண்களை மட்டும் கத்தரித்துவிட்டேன். கல்யாணத்தில் கறுப்பு எதற்கு?

பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். மார்ச்சில் கல்யாணம் என்கிறாய். ஆல்பத்தைக் கூப்பிட்டவள் அம்மாவை எப்போது கூப்பிடப் போகிறாய்?

உன் அம்மா
ராமாயி


நகோயா
8.12.2022

அன்பு அம்மாவுக்கு,

ஆல்பம் வந்து சேர்ந்தது. உன் மாப்பிள்ளை ரியோத்தாவும் அவர் அம்மாவும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். நீ கத்தரித்த கறுப்புக்காரிகள் யார் தெரியுமா? பெற்ற அம்மாக்கள். இங்கே கல்யாணத்தில் மணமக்களின் அம்மா கறுப்புப் பட்டுதான் உடுத்துவாள். அதுதான் பெரிய மரியாதை. பக்கத்துக்குப் பக்கம் அம்மாவையே வெட்டி வைத்திருக்கிறாய் என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நீ வருவது கஷ்டம் அம்மா. விசா இழுத்தடிக்கும். இந்தக் குளிர் உனக்குத் தாங்காது. கோபப்படாதே. நல்ல படமாக ஒன்று எடுத்து அனுப்பு, சிரித்த முகமாக. உன் நாற்காலியில் வைக்கிறேன்.

அன்புடன்
பூர்ணா


போட்டாதாங்
5.1.2023

பூர்ணாக் கண்ணுக்கு,

பெற்றவள் கறுப்பில் நிற்பாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சிரிக்காதே. குளிர் தாங்காதாம். மார்கழி விடியலில் ஆற்றைத் தாண்டி டாலாவுக்குப் படகில் போய் வருகிறவள் நான்.

சரி, விசாவுக்கு நீ என்ன செய்வாய். ஸ்டூடியோவுக்குப் போனேன். முகத்தில் அரைத்துப் பூசியிருந்த தனாக்காவைத் துடைக்கச் சொல்லிப் பவுடர் போட்டான். சிரிக்கச் சொன்னான், சிரித்தேன். பெரிதாகப் போட்டு வை. எல்லோரும் என்னைப் பார்க்கட்டும்.

அம்மா


போட்டாதாங்
25.4.2023

பூர்ணாவுக்கு,

தண்ணீர்த் திருவிழா லீவில் சுரேந்திரன் வந்தான். உன் கல்யாணம் எப்படி நடந்தது என்று ஆசையாகக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். வற்புறுத்திய பிறகுதான் சொன்னான்.

"அத்தே, ஒங்க படத்துக்கு முன்னாடி பூ வச்சு, ஒரு கிளாஸ் ஊத்தி வச்சிருந்தாங்க. ஆல்பமும் பக்கத்துலயே இருந்துச்சு. செத்துப்போன அம்மா விட்டுட்டுப் போனதுன்னு வந்தவங்கல்லாம் கண்ணத் தொடச்சாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

நான் எந்த நோயில் செத்தேன்? அதை அவனிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மா செத்தால் ஒரு வருஷம் வீட்டில் கல்யாணம் வைக்கக் கூடாது என்பது நம் வழக்கம். அதையாவது கணக்குப் பார்த்துத்தான் என்னைச் சாகடித்தாயா?

அடுத்தவன் கழித்த சாமானைத் துடைத்து வைக்கிறவளை அம்மா என்று சொல்ல உனக்கு வெட்கம். நேராகச் சொல்லியிருந்தால் நான் வருகிறேன் என்றே கேட்டிருக்க மாட்டேன். அந்தப் படங்களில் யாரை வெட்டுகிறேன் என்று தெரியாமல் வெட்டினேன். நீ தெரிந்தே வெட்டியிருக்கிறாய்.

நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவர்களிடம் சொல். சொன்ன பிறகு எழுது. அதுவரை உன் கடிதம் எதையும் பிரிக்க மாட்டேன்.

ராமாயி


நகோயா
17.8.2023

அம்மா,

முன்னே எழுதிய கடிதங்களை நீ பிரிக்கவில்லை என்று சுரேந்திரன் சொன்னார். இதையும் பிரிப்பாயோ மாட்டாயோ.

நீ கேட்டதற்குப் பதில். இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூலையில், அப்பாவோடு சேர்ந்து, கொரோனாவில் மூச்சு முட்டி நீயும் போனாய் என்று சொல்லியிருக்கிறேன். முதன்முதல் ரியோத்தா வீட்டுக்குப் போனபோது, அப்பா போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்கள். என் வாயில் அதுதான் வந்தது. பிறகு திருத்த முடியவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். சத்தியமாக நினைக்கிறேன். இந்த வாரம் இங்கே இறந்தவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்து போவதாக நம்பும் நாட்கள். ரியோத்தாவின் அம்மா உன் படத்தைத் தன் வீட்டுச் சாமி அலமாரியில் வைத்து விளக்கேற்றினார். சோறும் தேநீரும் படைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் அம்மாவுக்கு என்ன பிடிக்கும், அதையும் வைப்போம் என்று கேட்டார். அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

மாம்பழம் என்று சொன்னேன்.

பூர்ணா